வியன்னாவில் சொல்லாமல் விட்ட பெயர்

காரைக்குடியில் என் பிளைவுட் கடைக்கு வருகிறவர்கள் பலகையின் அளவைச் சொல்வதற்கு முன்பே வியன்னாவைப் பற்றிக் கேட்கிறார்கள். "என்னண்ணே, வெளிநாடெல்லாம் போயிட்டு வந்தீகளாமே, எப்படி இருந்துச்சு?" குளிர் அதிகம், சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம் என்று சொல்லிவிட்டு, "எத்தனை எம்.எம். வேணும்?" என்று பேச்சைத் திருப்பிவிடுகிறேன். குளிரும் சாப்பாடும் உண்மைதான். ஆனால் அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது ஓர் அரங்கின் மூன்றாவது வரிசையும், அங்கிருந்து எழுந்து போன ஒரு முதியவரின் முதுகும்தான்.

நான் கதை எழுதுகிறவன் என்பது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பா தச்சு வேலை செய்தார், நான் பலகை விற்கிறேன், ஓய்ந்த நேரத்தில் எழுதுகிறேன். பத்துப் பதினைந்து கதைகள் கொண்ட ஒல்லியான தொகுப்பு ஒன்று பல வருஷங்களுக்கு முன்னால் வெளிவந்தது. அதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர் இல்ஸே.

இல்ஸே வியன்னாக்காரர். பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து தமிழ் படித்தார். ஏன் தமிழ் என்று ஒருமுறை கேட்டேன். இத்தாலிய வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்றார். படித்ததைச் சோதித்துப் பார்க்கத் தன் கணவரோடு செட்டிநாட்டுக்கு வந்து, கண்டரமாணிக்கத்தில் ஓட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில் தங்கியிருக்கிறார். ஊர் திரும்பும்போது காரைக்குடி புத்தகக் கடையில் என் தொகுப்பை வாங்கியிருக்கிறார். இருந்ததிலேயே மெலிந்த புத்தகம் அதுதானாம்.

அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் என் போன் அடிக்கும். "நாகலிங்கம், நல்லா இருக்கீகளா? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு." வீடியோவில் வரமாட்டார். முகத்தைப் பார்த்துப் பேசினால் சொல் மறந்துபோகிறது என்பார். வயிறு எரிகிறது என்றால் பசியா, பொறாமையா, மருந்து சாப்பிட வேண்டிய நோயா என்று கேட்பார். மூன்றும்தான் என்றால், "அப்ப உங்க ஊர்ல டாக்டர் எப்படிப் பொழைக்கிறாரு?" என்பார். வருஷக்கணக்கில் இப்படிப் பேசினோம். நேரில் பார்த்ததே இல்லை.

புத்தகம் அங்கே வெளியானதும், வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பண்பாட்டு வாரத்தில் எனக்கு ஒரு மாலை நிகழ்ச்சியை இல்ஸேயே பேசி வாங்கினார். ஐரோப்பியக் கலை, இலக்கியம் பற்றிய உரைகள் நடக்கும் வாரம் அது. தூரத்து மொழிகளுக்கும் ஓரிரு மாலைகள் ஒதுக்குவார்களாம். கார்த்திகையில் நிகழ்ச்சி. ஆடி மாதத்தில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண் குரல். "நான் துஷ்யந்தி கதைக்கிறன் ஐயா, வியன்னாவில இருந்து. இல்ஸே அன்ரி போயிட்டா." மூளையில் ரத்தக் கசிவு. தோட்டத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள், நான் வர விரும்பினால் ஏற்பாடு அப்படியே இருக்கும் என்று தெரிவித்தார்கள். என் மனைவி சரஸ்வதி கேட்டாள்: "அந்தம்மா இல்லாம அங்குட்டுப் போயி என்ன செய்யப் போறீக?"

"அவுக பண்ணின ஏற்பாடு. அவுக புருஷன் இருக்காரு. போயி அவுகளைப் பத்தி நாலு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்."

"சரி, போயிட்டு வாங்க. கழுத்துல துண்டை இறுக்கிச் சுத்திக்கிருங்க. அங்குட்டுப் பட்டினி கெடக்காதீக."

நாலு வார்த்தை. அதற்காகத்தான் போனேன்.

முதல் நாள் வியன்னாவில் இறங்கியபோது மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ பெய்துகொண்டிருந்தது. துஷ்யந்தி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மேடையில் எனக்கு மொழிபெயர்க்க அவரை ஏற்பாடு செய்ததும் இல்ஸேதான். நான் வாயைத் திறந்து "எப்பம்மா வந்தீக?" என்றதும் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "அன்ரியும் இப்பிடித்தான் ஐயா கதைக்கிறவ. வந்தீக, போனீக எண்டு. நான் அது அவ பிழையாப் படிச்சது எண்டு நினைச்சுத் திருத்தினனான்."

ஓட்டலில் காலைச் சாப்பாடு கல் மாதிரி ரொட்டியும் அதைவிடக் கொஞ்சம் இளகிய பாலாடைக்கட்டியும். நான் சைவம் என்று சொன்னதும் பரிமாறிய பெண் மிகவும் யோசித்து ஒரு வேகவைத்த முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். மதியம் ஒரு கடையில் தெளிந்த சூப்பில் உருண்டை ஒன்று மிதந்தது. கடித்துப் பார்த்தால் ரவை! உப்புமாவை உருட்டிக் குளிப்பாட்டிய மாதிரி இருந்தது. ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவது கிண்ணம் கேட்டேன். அந்தத் தெளிந்த சாறு மாட்டெலும்பில் காய்ச்சியது என்று மாலையில் துஷ்யந்தி சொன்னார். சரஸ்வதியிடம் இதுவரை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து துஷ்யந்தி புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கட்டிக்கொண்டு வந்தார்.

அன்று மாலை முதல் உரை. காப்பிக் கடைகளில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் பழக்கம் ஐரோப்பிய நகரங்களை எப்படி மாற்றியது என்று ஒரு பேராசிரியர் பேசினார். துஷ்யந்தி என் காதருகே சுருக்கிச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கியம் கேட்க டிக்கெட் வாங்கிக்கொண்டு முந்நூறு பேர் வந்து உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் புத்தக வெளியீட்டுக்குப் பத்துப் பேரைச் சேர்க்க ஆளுக்கொரு போன் போட வேண்டும். எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு மூதாட்டிகள் விடாமல் கிசுகிசுத்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். துஷ்யந்தி திரும்பாமலே சொன்னார்: "ஒராள் சொல்லுறா, இவர் போன வருசமும் இதைத்தான் சொன்னவராம். மற்ற ஆள் சொல்லுறா, ஆனா போன வருசம் வைன் இதைவிட நல்லாயிருந்ததாம்."

என்னை அதைவிடக் கவர்ந்தது நேரம். ஏழு மணி என்றால் ஏழுக்குத் தொடங்கினார்கள். எட்டரை என்றால் எட்டரைக்கு முடித்தார்கள். தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அண்ணன் அவர்களே என்று கால் மணி நேரம் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. பொன்னாடை கிடையாது. நன்றியுரை சொல்ல வந்தவர் தன் சொந்த ஊர் வரலாற்றைத் தொடங்குவது கிடையாது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபக் கூட்டங்களை நினைத்துக்கொண்டு, இதல்லவா ஒழுங்கு என்று துஷ்யந்தியிடம் மெச்சிப் பேசினேன்.

இரண்டாம் நாள் பகலில் ஊர் சுற்றினேன். பெரிய அரண்மனைகளைவிட, டிராமில் எதிரே உட்கார்ந்து புத்தகம் படித்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. திருப்பத்தூர் பஸ்ஸில் இறங்குவதற்குள் பக்கத்து ஆளின் மகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்பது வரை தெரிந்துவிடும். இங்கே என் பக்கத்தில் அமர்ந்த பெண்மணி அரை மணி நேரத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார். அதுவும் இறங்க வழி விடச் சொல்லி.

மாலையில் டான்யூப் நதிக்கரை நாடுகளின் எழுத்தாளர்கள் நால்வர் எல்லைகளைப் பற்றி விவாதித்தார்கள். நான் சரியாகக் கேட்கவில்லை. மறுநாள் நான் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரைக்குடியிலேயே தயார் செய்தது அது. துஷ்யந்தி அதை ஜெர்மனில் மாற்றிப் பயிற்சி செய்துவைத்திருந்தார்.

விஷயம் இதுதான். என் தொகுப்பில் ஒரு கதை. திருப்பத்தூர் சந்தையில் தன் மாட்டை விற்றுவிட்டு ஒரு பெண் பஸ் ஏறுகிறாள். கொஞ்ச தூரம் போனதும், 'அவளுக்கு மனசு கேக்கல', இறங்கிச் சந்தையைப் பார்த்துத் திரும்ப நடக்கிறாள். அந்த 'மனசு கேக்கல'வில் இல்ஸே மாட்டிக்கொண்டார். கேட்பது என்றால் வினவுவதா, காதால் கேட்பதா, கீழ்ப்படிவதா? மனசு யாரிடம் கேட்கவில்லை? ஞாயிறு ஞாயிறாக இதே பேச்சு. நான் சலித்துப்போய் ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றேன். "ஏதாவது ஒண்ணு போட மனசு கேக்கல" என்றார்.

அதோடு நிற்கவில்லை. கதையின் கடைசிப் பத்தியில், அந்தப் பெண் ஏன் திரும்புகிறாள் என்று நான் விளக்கியிருந்தேன். அழகாக எழுதியிருப்பதாகவே எண்ணியிருந்தேன். இல்ஸே கேட்டார்: "அவ பஸ்ஸ விட்டு எறங்கிட்டா. போதும்ல? அதுக்கப்புறம் நீங்க எதுக்குப் பேசுறீக?" எனக்குக் கோபம் வந்தது. பெரிய சண்டையே நடந்தது. சில வாரங்கள் கழித்து அந்தப் பத்தியை மறைத்துவைத்துக்கொண்டு கதையைப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. தமிழில் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். ஆக, அந்தக் கதை தமிழிலும் இப்போது முடிவது இல்ஸே முடித்த இடத்தில்தான்.

இதைத்தான் வியன்னாவில் சொல்ல வந்தேன். நிகழ்ச்சியை நெறிப்படுத்திய பெண்மணி, கடைசியில் எனக்குச் சில நிமிடங்கள் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். நல்ல இடம் என்று நினைத்தேன். கதை வாசிக்கப்பட்டு, கேள்வி பதில் எல்லாம் முடிந்து, எல்லாரும் இது என் திறமை என்று நம்பியிருக்கும் நேரத்தில் இல்ஸேயின் பெயரைச் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

மூன்றாம் நாள் மாலை என் நிகழ்ச்சி. அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் வெள்ளைத் தாடியோடு ஒருவரைத் துஷ்யந்தி காட்டினார். வால்டர், இல்ஸேயின் கணவர். பக்கத்தில் கறுப்புச் சட்டை அணிந்த ஒரு மூதாட்டி. நான் மேடையிலிருந்து கை கூப்பினேன். வால்டர் தலையை மட்டும் அசைத்தார். பேசி முடித்ததும் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒரு நாடக நடிகர் ஜெர்மனில் கதையை வாசித்தார். எனக்கு மொழி புரியாது, ஆனால் எங்கே வாசிக்கிறார் என்று திருப்பத்தூர் என்ற சொல்லை வைத்துக் கண்டுபிடித்தேன். ஓரிடத்தில் அரங்கில் ஒரு சின்ன அசைவு. துஷ்யந்தி என் பக்கம் குனிந்தார். "இது தான் ஐயா அந்த இடம். அன்ரி எப்பிடிப் போட்டிருக்கிறா தெரியுமே? 'மனசுக்குச் சொல்லிப் பாத்தாள், மனசு காது குடுக்கேல்லை.' ஜெர்மனில ஒருத்தரும் இப்பிடிச் சொல்லுறேல்லை. ஆனா எல்லாருக்கும் விளங்குது." கதை முடிந்ததும் யாரும் உடனே கை தட்டவில்லை. அந்த நிசப்தம் எனக்குக் கிடைத்த எந்தக் கைதட்டலையும்விடப் பெரியது. அதில் பாதிக்கு மேல் எனக்கு உரியது அல்ல என்றும் தெரியும்.

நெறியாளர் அந்த வரியையே பிடித்தார். "இந்த ஒரு வரிக்காகவே தமிழ் கற்கலாம் போலிருக்கிறது. எப்படி எழுதினீர்கள்?"

எங்கள் பக்கத்தில் எல்லாரும் நாளுக்குப் பத்து முறை சொல்கிற சொல்தான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் மொழியில் இப்படி ஆக்கியது இல்ஸே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. கடைசிக்கு வைத்திருப்பதை இப்போது உடைத்தால் பிறகு அந்தப் பேச்சு எடுபடாதே என்று விழுங்கிக்கொண்டேன்.

அப்புறம் கேள்விகள். செட்டிநாட்டு வீடுகளில் எத்தனை தூண் இருக்கும்? ஆத்தங்குடித் தரைக்கற்கள் வழுக்குமா? நான் பிளைவுட் விற்பதற்கும் கதை எழுதுவதற்கும் தொடர்பு உண்டா? இரண்டுக்கும் அடியில் பசை நன்றாக இருக்க வேண்டும் என்றேன், அதற்கும் சிரித்தார்கள். எனக்கு மேடை பிடித்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பெரியவர் மைக்கை வாங்கினார். இந்தியாவுக்கு இளவயதில் வேனில் போன கதையைச் சொன்னார். துருக்கி வந்தது, ஈரான் வந்தது, பாகிஸ்தான் வந்தது. வேன் பழுதானது. நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் இந்தியாவை எட்டியபோது மணி எட்டரை.

நெறியாளர் எழுந்து நடிகருக்கும், துஷ்யந்திக்கும், எனக்கும், ஆதரவு தந்தவர்களுக்கும் நன்றி சொன்னார். வெளியே ஒயின் இருக்கிறது என்றார். கைதட்டல். நான் துஷ்யந்தியைப் பார்த்தேன், துஷ்யந்தி என்னைப் பார்த்தார். எழுந்து, ஒரு நிமிடம் என்று கையைத் தூக்கினேன். அதை வணக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். மைக்கை அணைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் மண்டபமாக இருந்தால் மைக்செட்காரரிடம் ஒரு சத்தம் போட்டு மறுபடி பேசியிருப்பேன். அங்கே எனக்குச் சத்தம் வரவில்லை.

வால்டர் எழுந்தார். அந்த மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்பாகவே பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார். நான் மேடையை விட்டு இறங்கி, கையெழுத்துக்கு நீட்டப்பட்ட புத்தகங்களைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் தெருவில் யாரும் இல்லை.

நெறியாளரிடம் ஏன் நீங்களாவது இல்ஸேயின் பெயரைச் சொல்லவில்லை என்று துஷ்யந்தி கேட்டார். அந்தப் பெண்மணியின் முகம் வெளிறிப்போனது. "தொடக்கத்தில் சொல்ல எழுதித்தான் வைத்திருந்தேன். பிறகு, ஆசிரியரே கடைசியில் சொல்லப்போகிறார், அவருக்கே விட்டுவைப்போம் என்று நினைத்தேன்" என்றார். பொய் இல்லை. நல்ல எண்ணம்தான்.

துஷ்யந்தி காரில் என்னை ஓட்டலுக்குக் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது சொன்னார்: "நானாவது சொல்லியிருக்கலாம் ஐயா. மைக் என்ர கையிலயும்தான் இருந்தது."

நான்காம் நாள் துஷ்யந்திக்கு வேலை. வால்டருக்குப் போன் செய்து நான் வரலாமா என்று கேட்டுச் சொன்னார். வரச் சொன்னாராம். எந்த டிராம், எந்த நிறுத்தம் என்று எல்லாம் விளக்கினார். நான் சரியான டிராமில்தான் ஏறினேன். பாதி வழியில் ஓர் அறிவிப்பு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். இறங்க வேண்டியவர்கள் இறங்குகிறார்கள் என்று நான் எண்ணி உட்கார்ந்திருந்தேன். வண்டி வேறு தண்டவாளத்தில் திரும்பி, வரிசையாக டிராம்கள் நிற்கும் ஒரு கொட்டகைக்குள் போய் நின்றது. தன் பையை எடுத்துக்கொண்டு வந்த ஓட்டுநர் பெண் என்னைப் பார்த்து ஒரு அலறு அலறினார். பிறகு சிரித்தார். பிறகு என் கையில் இருந்த முகவரியைப் பார்த்து, வாசல் வரை வந்து கையை நீட்டி வழி காட்டினார். ஈரப்பனியில் வெகுதூரம் நடந்தேன். சரஸ்வதி கொடுத்த துண்டு நனைந்து கழுத்தில் கனத்தது.

வால்டர் தன் கட்டடத்தின் வாசலில் குடை பிடித்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "டிராம்?" என்றார். "டிராம்" என்றேன். மேலே அழைத்துப் போனார்.

அவர் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை. அதனால் சுற்றி வளைத்துப் பேச முடியவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. உருளைக்கிழங்கு சூப் வைத்தார். காய்கறி வேகவைத்த தண்ணீர்தான் என்று கேட்காமலே சொன்னார். துஷ்யந்தி சொல்லியிருப்பார். சுவரில் இல்ஸேயின் படம். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த ஒரு தரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கால் சுடுகிறதோ என்னவோ முகத்தைச் சுளித்துச் சிரிக்கிறார். நான் குரலை வைத்து ஒல்லியான உயரமான ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். குட்டையாக, பருமனாக இருந்தார். அவர் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தச் சுவரில்தான்.

சூப்பைக் குடித்து முடித்ததும் நானே தொடங்கினேன். "நேற்று நான் அவர்களைப் பற்றிப் பேச இருந்தேன். கடைசிக்கு வைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது."

வால்டர் கிண்ணங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "நான் காத்திருந்தேன்" என்றார். "பக்கத்தில் இருந்தது அவளுடைய அக்கா. லின்ஸ் நகரத்திலிருந்து வந்தாள். நடக்கச் சிரமப்படுவாள். இன்று இல்ஸேயைப் பற்றிப் பேசுவார்கள், வா என்று நான்தான் வற்புறுத்தினேன். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் இப்போதா இப்போதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வேன்காரர் பேசும்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். ரயிலில் ஏற்றிவிடும்போது அழுதாள்."

மன்னிக்க வேண்டும் என்றேன். வேறு சொல் எனக்கு ஆங்கிலத்தில் தெரியாது, தமிழிலும் அப்போது இருந்ததாகத் தோன்றவில்லை. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லாததற்காக இன்றும் அவர் மீது எனக்கு மரியாதை.

கிண்ணங்களை உள்ளே வைத்துவிட்டு வந்து, "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேசையில் உட்கார்ந்துதான் உங்களோடு பேசுவாள். நான் அந்த அறையில் படித்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். அவள் தமிழ் நன்றாகப் பேசினாளா?"

அன்பாக ஏதாவது சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் உண்மையைக் கேட்டார். "முதலில் புத்தகத்தைப் படிப்பது போலப் பேசினார்கள்" என்றேன். "பிறகு எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. ழகரம் கடைசி வரைக்கும் வரவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வராது. பிழை இருக்கும். ஆனால் என்னோடு தமிழில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் அவர்கள்தான் ஜெயித்தார்கள்."

"சண்டையா?" என்று நிமிர்ந்தார்.

அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றிச் சொன்னேன். நேற்று மேடையில் சொல்ல வைத்திருந்ததை எல்லாம், இருக்கிற ஆங்கிலத்தில், கையையும் சேர்த்துக்கொண்டு சொன்னேன். மனசு கேட்காததைச் சொன்னேன். நான் வெட்டி எடுத்ததைச் சொன்னேன். தமிழிலும் அந்தக் கதை இப்போது அவர் முடித்த இடத்தில்தான் முடிகிறது என்றேன். வால்டருக்கு அது புரிய நேரமானது. "உங்கள் மொழியில்? உங்கள் புத்தகத்தில்?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். இல்ஸே அதை அவரிடம் சொன்னதே இல்லை.

எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து, "அவள் அக்காவிடம் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

அவர் போனில் எண்ணை அழுத்தி மேசையில் வைத்தார். ஒரு முதிய பெண்குரல். வால்டர் ஜெர்மனில் ஏதோ விளக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னார். எங்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. சில இடங்களில் என் வாக்கியம் சின்னதாகவும் அவருடையது நீளமாகவும் இருந்தது. அவரும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார் போல. சண்டை வந்த இடத்தில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு அந்த அம்மா பேசினார். நீளமாக இல்லை. வால்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நன்றி சொல்கிறாள். நீங்கள் தேடி வந்து சொன்னது நல்லது என்கிறாள்."

"வேறு ஏதோ சொன்னார்களே?"

வால்டர் தாடியைத் தடவினார். சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்: "நேற்று அங்கே இதைக் கேட்க நிறையப் பேர் இருந்தார்கள் என்கிறாள்."

"ஆமாம்" என்றேன். "ஆமாம் என்று சொல்லுங்கள்."

அவர் போனுக்குக் குனிந்து, "யா" என்றார். அந்தச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.